பூரணி கொடுத்த பால்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலாயியின் பேச்சை எடுத்தால், அவள் கொழுந்து கிள்ளுகிற வேகத்தை யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். அவளுடைய பொறாமையைத்தான் சொல்வார்கள். நான் அவளுக்கு ஓரகத்தி. அவள் புருஷனும் என் புருஷனும் கூடப் பிறந்தவர்கள். வரிசையாகக் கட்டின லயத்து வீட்டில் அவள் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகையால் நான் சொல்வது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமியார் எனக்கு ஒரு மூக்குத்தி போட்டாள். அதற்காக வேலாயி அந்த வருஷத் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. என் கொழுந்து அவள் கொழுந்தைவிட ஒரு றாத்தல் கூட நிறுத்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அவளை மட்டும் சொல்வானேன், எனக்கும் அவள் மேல் பொறாமை உண்டு. அவள் புருஷன் குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். சம்பள நாளில் என் வீட்டுக்காரரைத் தலவாக்கலைச் சாராயக் கடையிலிருந்து யாராவது தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். வேலாயி புருஷன், அதாவது என் மூத்தார், பிள்ளைகளுக்குப் பொரி உருண்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு தன் காலால் நடந்து வருவார். அதைப் பார்த்துவிட்டு நான் என் அடுப்பில் சட்டியைப் போட்டு உடைத்த நாளும் உண்டு.

மூத்தார் பெயர் நல்லமுத்து. புருஷனுடைய அண்ணன் பெயரைச் சொல்லக்கூடாதுதான். சொல்லாமல் கதை நடக்காது, அதனால் ஒரு தடவை சொல்லிவிட்டேன். அவருக்கு வேலை தேயிலை இஸ்டோரில், கொழுந்து அரைக்கிற மெசினில். இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்து போன வருஷம் அவருக்கு வயிற்று வலி தொடங்கியது. தொப்புளுக்கு மேலே, ஒரு விரலை வைத்துக் காட்டுகிற அளவு இடம். அந்த இடத்தில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிடுவார். வேலாயி கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

தோட்டத்து டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். ஆனால் லயத்தில் வயிற்று வலி என்று யார் போனாலும் முக்கால்வாசிப் பேருக்குப் பூச்சிதான். அதனால் மூத்தாருக்கும் பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினார். மூத்தாரும் குடித்துவிட்டு வந்தார். வலி குறைந்ததா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது ஆமாமா, இல்லையா என்று கட்டினவளுக்கே தெரியாது. திரும்பப் போய் டாக்டர் ஐயாவிடம் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

இஸ்டோருக்கு எதிரே பிள்ளைக்காம்பரா. நாங்கள் கொழுந்து கிள்ள மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவோம். அங்கே ஆயாவாக இருந்தவள் பூரணி. புருஷனைப் பறிகொடுத்தவள், பிள்ளை இல்லாதவள். அட்டைக் கடியும் மழையும் இல்லாமல் கூரைக்குக் கீழே வேலை என்பதால் எங்கள் எல்லோருக்குமே அவள் மேல் கொஞ்சம் புகைச்சல் உண்டு. வேலாயிக்கு இருந்தது அந்தக் கொஞ்சம் இல்லை. பூரணி மூத்தாருக்குத் தூரத்து அத்தை மகள். ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணப் பேச்சு அடிபட்டு, பெரியவர்களின் மனத்தாங்கலில் விட்டுப்போனது. முறைப்படி அவள் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல் வேலாயி காதில் விழுந்தால் அன்றைக்கு என் வீட்டுச் சுவர் அதிரும்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்து, எங்களோடு கிள்ளுகிற காளியாயிதான் பற்றவைத்தாள். உன் வீட்டுக்காரர் பத்து மணிக்குப் பிள்ளைக்காம்பராப் படியில் உட்கார்ந்து பால் குடிக்கிறார், பூரணி கையால் கொடுக்கிறாள் என்று. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். வேலாயி மறுநாள் காய்ச்சல் என்று பொய் சொல்லி மலையிலிருந்து இறங்கிப்போய், ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். மூத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூனிக்கொண்டு வந்தாராம். பிள்ளைகளுக்குக் காய்ச்சின பாலில் மிச்சத்தைப் பூரணி ஒரு டம்ளரில் கொடுத்தாளாம். குடித்தார், கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், நிமிர்ந்தார். போகும்போது சிரித்தார். பூரணி இடுப்பில் பிள்ளையோடு தள்ளித்தான் நின்றாள் என்பதையும் வேலாயியே சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பை அவளால் விழுங்க முடியவில்லை.

சாயங்காலம் என் வாசலில் வந்து குந்தினாள். "என் வீட்டுல சோத்தப் போட்டா மூஞ்சச் சுளிக்கிறாரு. அவ கையால ஒரு மொடக்கு குடிச்சா போன உசுரு திரும்பி வருது. அவ மருந்து வச்சிட்டா ராசம்மா."

மருந்து வைப்பது என்றால் நம் ஜனங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சோற்றிலோ பாலிலோ எதையோ கலந்து கொடுத்து ஆம்பிளையைத் தன் பக்கம் இழுத்துவைப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு நாளாக நாளாக ஆளைத் தின்னும் என்பார்கள். நானும் நம்பினேன். இன்றைக்கும் முழுக்க இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன். வேறு எப்படித்தான் ஒரு நல்ல ஆம்பிளை அப்படி இளைப்பான் என்று அன்றைக்குத் தோன்றியது.

பொல்பிட்டியப் பக்கம் செல்லசாமி என்று ஒருவர், வைத்த மருந்தை எடுப்பதில் பேர்போனவர். ஞாயிற்றுக்கிழமை வேலாயி மூத்தாரை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன். செல்லசாமி ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்கவைத்தார். மூத்தார் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். செல்லசாமி அதை ஒரு குச்சியால் கிளறி, மயிர் சுற்றின உருண்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். வேலாயி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னது சரியா என்று கேட்கிற பார்வை அது. அடிவயிற்றில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது கறுப்பாக இறங்கும், இறங்கி முடியும்வரை வயிற்றுக்கு எதுவும் கொடுக்காதே என்று சொல்லி, பேதிக் கஷாயம் ஒரு போத்தல் கட்டிக் கொடுத்தார்.

அவர் சொன்ன மாதிரியே கறுப்பாகத்தான் போனது. தார் மாதிரி கறுப்பு, நாற்றம் லயம் முழுக்க. வேலாயிக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு தடவையும் என் வாசலுக்கு வந்து, இறங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். மூத்தாரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றி உட்கார்ந்தார். கொஞ்சம் கஞ்சியாவது கொடு அக்கா என்று நான் சொன்னதற்கு, உள்ளே இருப்பது அவளுடைய மருந்து, அதற்கு நான் கஞ்சி ஊற்றி வளர்க்கவா என்று கேட்டாள். ஒரு காலை, அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழாமல் போய்விடக்கூடாது என்று மூத்தார் சுவரைப் பிடித்துக்கொண்டு இஸ்டோருக்குப் போனார். மெசின் பக்கத்தில் கோப்பிச் சக்கை மாதிரி வாந்தி எடுத்து அப்படியே சரிந்துவிட்டார்.

மலையில் எங்களுக்குச் செய்தி வந்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். கம்பளியில் போட்டுக் கம்பில் கட்டி அவரை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்காம்பராவைத் தாண்டும்போது பூரணி வாசலில் நின்றாள், கையில் யாரோ ஒருத்தியின் பிள்ளை. வேலாயி நின்றாள். குனிந்து மண்ணை வாரினாள். புருஷனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அவள் அங்கே நின்று மண்ணை வாரித் தூற்றுகிறாள். "ஒன் மருந்து எறங்கையில என் புருசன் உசுரையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகுதேடி பாவி." பூரணி தூசி கண்ணில் விழாமல் பிள்ளையின் முகத்தைத் தன் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் ஐயா மூத்தாரின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வெளிக்குப் போனது என்ன நிறம் என்று கேட்டார். கறுப்பு என்று வேலாயி நிமிர்ந்து சொன்னாள். கஷாயம், செல்லசாமி, உருண்டை எல்லாம் வெளியே வந்தது. டாக்டர் ஐயாவுக்கு வந்த கோபத்தில் அடித்துவிடுவாரோ என்று நான் ஒதுங்கி நின்றேன். அடக்கிக்கொண்டு, வலி எந்த நேரத்தில் வரும், சாப்பிட முன்னமா, சாப்பிட்ட பிறகா என்று கேட்டார். மூத்தார் பேசுகிற நிலையில் இல்லை.

வேலாயி தன் வழக்கைத் தொடங்கினாள். "விடிஞ்சு எந்திரிச்சா துடிக்கிறாருங்க. பத்து மணிக்கு இஸ்டோருல துடிக்கிறாரு. அவ கையால பாலு குடிச்சா அடுத்த நிமிசம் வலி ஓடிப்போகுது. பொழுது சாய எங்கிட்ட வாறப்ப மறுபடி துடிக்கிறாரு. மருந்து இல்லாம இது வேற என்னங்கய்யா?"

டாக்டர் ஐயா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவளும் விடாமல் சொன்னாள். எத்தனை மாதமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் அவள். புருஷன் வயிறு எப்போது வலிக்கிறது, எப்போது நிற்கிறது என்று அவளைப்போல யாருக்குத் தெரியும்? டாக்டர் ஐயா கேட்டு முடித்துவிட்டு, இது மருந்துமில்லை மாயமுமில்லை, குடலின் தொடக்கத்தில் புண் என்றார். வயிறு வெறுமையாகக் கிடந்தால் உள்ளே ஊறுகிற புளித்த நீர் அந்தப் புண்ணில் பட்டு எரியும். எதையாவது சாப்பிட்டால் அந்த நீர் அடங்கும், எரிச்சல் நிற்கும். பூரணி கொடுத்தாலும் சரி, நீ கொடுத்தாலும் சரி, பால் உள்ளே போனால் வலி போகும். பட்டினி போட்டுப் பேதிக்கும் கொடுத்ததில் புண் வெடித்துவிட்டது. நீ இறங்குகிறது என்று தேங்காய் உடைத்தாயே, அந்தக் கறுப்பு உன் புருஷனுடைய இரத்தம்.

வேலாயி இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொழுந்து லொறியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். ஆள் தேறினபின் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் பிடித்துப் பார்த்து, டாக்டர் ஐயா சொன்னதே சரி என்று எழுதி அனுப்பினார்கள். பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்ததும் லயத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வேலாயி அதோடு திருந்திவிட்டாள் என்று நீங்கள் நினைத்தால் அவளை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் அவள் பொறாமை கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"மருந்து வச்சிருந்தா அது அவ செஞ்ச வேலைன்னு மனசு ஆறிரும் ராசம்மா. மருந்து இல்லேங்கிறாங்களே. அப்ப அவராத்தானே தேடிப் போயிருக்காரு. பசிக்குதுன்னு எங்கிட்ட ஒருநாளாச்சும் வாயத் தொறந்தாரா? அவகிட்ட போயி நின்னுருக்காரே."

கேட்டால் உன் பங்குச் சோற்றை எடுத்துக் கொடுத்துவிடுவாய் என்று கேட்காமல் இருந்திருப்பார் என்றேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூத்தார் வீட்டுக்கு வந்தார். டாக்டர் ஐயா பத்தியம் சொன்னார். மிளகாய் கூடாது, சுருட்டு கூடாது, வெறும் வயிற்றில் பால் விடாத சாயத்தண்ணி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வயிறு வெறுமையாக இருக்கவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பால், அதற்குப்பின் ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடி. இன்னொரு தடவை அந்தப் புண் வெடித்தால் நுவரெலியா போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

ஒரு கொழுந்துக்காரி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புருஷனுக்குப் பால் கொடுப்பது எப்படி? விடிய ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். வேலாயி போத்தலில் பால் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். இஸ்டோர் சூட்டில் அது மத்தியானத்துக்குள் திரிந்தது. பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி ஓடிப்பார்த்தாள். அரை நாள் பேர்தான் போடுவேன் என்று கங்காணி கத்தினான். மூத்தார் மெசினை விட்டு லயத்துக்கு ஏறிப் போய்வர இஸ்டோர் டீமேக்கர் ஐயா விடவில்லை. என்னைக் கேட்டாள், நானும் அதே மலையில் நிற்கிறவள். டாக்டர் ஐயாவிடம் போய், புண்ணை வெட்டி எடுத்துவிட முடியாதா என்று கேட்டாள். இந்த உடம்பு இப்போது கத்தியைத் தாங்காது, எதிரே பிள்ளைக்காம்பராவில் எந்நேரமும் பால் காய்கிறதே, அங்கே சொல்லிவைத்தால் என்ன என்று அவர் கேட்டார். செத்தாலும் மாட்டேன் என்று வந்துவிட்டாள். யார் செத்தாலும் என்று சொல்லவில்லை. அந்த வாரமே மூத்தார் மறுபடி முஷ்டியை வயிற்றில் வைத்து அழுத்தத் தொடங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தும் எனக்கு அந்த முனகல் கேட்டது.

அதன் பிறகுதான் நான் ஒரு வழி சொன்னேன். பூரணி அவரை எல்லோர் முன்னாலும் அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால், அத்தை மகள் முறை போய்த் தங்கச்சி முறையாகிவிடும். நாத்தனார் பால் கொடுத்தால் எவள் என்ன பேச முடியும்? முறை நாம் வைத்ததுதானே, மாற்றிவைத்தால் போகிறது. நல்ல யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். வேலாயி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, தலவாக்கலையில் இப்றாஹிம் நானா கடையில் ஒரு மெல்லிய பருத்திச் சேலை எடுத்து வந்தாள்.

பெரட்டு கலைந்து தாய்மார் எல்லாம் பிள்ளைகளை விட வருகிற நேரம். வேலாயி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், சேலை எல்லாம் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றாள். மூத்தாரையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாங்கள் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு சுற்றி நின்றோம்.

"பூரணி, இத வாங்கிக்க. இன்னையிலேருந்து நீ எனக்கு நாத்தனா. இவர ஒரு தடவ அண்ணேன்னு கூப்பிட்டுட்டுப் பாலக் குடு. நான் நிம்மதியா மலைக்குப் போறேன்."

பூரணி தட்டைப் பார்த்தாள். மூத்தாரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பாலு குடுக்கிறேன்க்கா. எந்தெந்த நேரம்னு சொல்லுங்க, ஒருநாள் தவறாமக் குடுக்கிறேன். சேலையெல்லாம் வேணாம். அந்த வார்த்தைய மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் வேலாயி கத்தினதெல்லாம் வீண் சந்தேகம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அது வீண் இல்லை என்று பூரணியே ஊர் முன்னால் சொல்லிவிட்டாள். மூத்தார் ஒருநாளும் தப்பாக நடக்கவில்லை, அது எனக்கு நிச்சயம். ஆனால் அவள் மனதில் இருந்திருக்கிறது. இன்றைக்கு இங்கே மயிர் பிடிச் சண்டைதான் என்று நான் என் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேலாயியின் தட்டிலிருந்து வெற்றிலை ஒன்று வழுக்கிக் கீழே விழுந்தது.

அந்த நேரத்தில் மூத்தார் மெல்லக் குனிந்து, முஷ்டியை வயிற்றில் வைத்து அழுத்தினார். நெற்றியில் வியர்வை பொடித்தது. பூரணி அசைந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை. வேலாயி அவளையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். தட்டை என் கையில் கொடுத்தாள். மடியை அவிழ்த்து டாக்டர் ஐயா கொடுத்த பொடிப் பொட்டலங்களை எடுத்து, பூரணியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மடக்கினாள்.

"ரொம்பச் சூடா குடுக்காத. பாலு குடிச்ச பெறகுதான் பொடி. கசக்குதும்பாரு, விடாத." அவள் கையை விட்டாள். "இப்பவே குடு. வலிக்குது அவருக்கு."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நான் தட்டையும் சேலையையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் ஓடினேன். என் யோசனை இப்படிப் போனதில் எனக்கு ஆத்திரம். பைத்தியமா அக்கா உனக்கு, அப்படிச் சொன்னவள் கையிலேயா கொண்டுபோய்க் கொடுத்தாய் என்று கேட்டேன். அவள் கொழுந்து நிரையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பத்திக்கிட்டு எரியுது ராசம்மா, செத்தாலும் எனக்கு ஆறாது. ஆனா எனக்காக அண்ணேன்னு ஒரு பொய்யச் சொல்லியிருந்தான்னு வையி, அந்தப் பொடிய அவள நம்பிக் குடுத்திருக்க மாட்டேன்."